பார்மா ஹாம்: கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எழுதியே வைத்துவிட்டேன்

வட இத்தாலியின் பார்மா நகரில், பதப்படுத்திய இறைச்சி விற்கும் கடை ஒன்றில் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பவன் நான். இந்த ஊர்ப் பன்றித்தொடைக்கு 'ப்ரோஷூட்டோ டி பார்மா' என்று பெயர். ஆங்கிலம் புழங்கும் ஊர்களில் பார்மா ஹாம் என்பார்கள். சுற்றுலா வரும் நம்மவர்களும் சரி, ராத்திரி போன் போடும் சொந்தக்காரர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இது என்ன, பச்சைக் கறியா? வேக வைக்காமலா சாப்பிடுறாங்க?

வேக வைப்பதில்லை. அதற்காகப் பச்சைக் கறி என்றும் சொல்லிவிட முடியாது. பன்றியின் பின்னந்தொடையை எலும்போடு முழுசாக உப்பிட்டு, மாதக்கணக்கில் தொங்கவிட்டு எடுப்பது இது. முன்பு குறைந்தது 12 மாதம் என்று விதி இருந்தது. 2023-ல் வந்த திருத்தத்தில் 14 மாதம் ஆக்கிவிட்டார்கள். 24, 30 மாதம் வைத்ததும் கடையில் கிடைக்கும். அதற்குள் எடையில் கால்வாசிக்கு மேல் நீராகப் போய்விடும்.

சேர்மானம் தொடை, கடல் உப்பு, அவ்வளவுதான். சர்க்கரை இல்லை, மசாலா இல்லை, இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கும் நைட்ரைட் என்ற வேதிப்பொருளும் இல்லை, புகை போடுவதும் இல்லை. ப்ரோஷூட்டோ என்ற சொல்லுக்கே, ஈரத்தை உறிஞ்சி எடுத்தது என்றுதான் லத்தீன் வேரில் பொருள்.

அப்ப நம்ம உப்புக்கண்டம்தானே இது?

சித்தி கேட்ட கேள்வி. பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். உப்புக்கண்டத்தில் கறியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, கோர்த்து வெயிலில் காய வைக்கிறோம். சில நாளில் சுக்காகிவிடும். பிறகு எண்ணெயில் பொரித்தால்தான் வாய்க்குள் போகும்.

இங்கே வெயிலே படக்கூடாது. தொடை முழுசாக இருப்பதால் நடுப்பகுதி மெதுவாகத்தான் காயும். அந்த நீண்ட காலத்தில் இறைச்சியில் இயல்பாகவே இருக்கும் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. மெதுமெதுப்பு, லேசான இனிப்பு, கொட்டைப் பருப்பு போன்ற வாசனை எல்லாம் அதிலிருந்து வருபவை. சுருக்கமாகச் சொன்னால் உப்புக்கண்டம் காய்கிறது, இது காய்வதோடு பழுக்கவும் செய்கிறது.

செய்முறை சொல்லுங்க, நானும் வீட்ல போட்டுப் பாக்குறேன்.

சொல்கிறேன், ஆனால் போட்டுப் பார்க்காதீர்கள். கசாப்புக் கூடத்திலிருந்து வரும் தொடை 13, 14 கிலோ இருக்கும். குளிரூட்டி இறுக வைத்த பிறகு, உப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதைக் கையில் எடுப்பார். 'மாயெஸ்த்ரோ சலதோரே', அதாவது உப்பு மேஸ்திரி. தோல் பக்கத்துக்கு ஈர உப்பு, சதை தெரியும் பக்கத்துக்குக் காய்ந்த உப்பு. எவ்வளவு என்பதைத் தொடையின் எடையும் அவர் கையும் முடிவு செய்யும். 1 முதல் 4 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்து, மிச்ச உப்பைத் தட்டிவிட்டு, மறுபடி மெல்லிசாக உப்பு தூவி இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பார்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் குளிரிலேயே ஓய்வு. மேலே இருக்கும் உப்பு எலும்புவரை இறங்குவது இந்த ஓய்வில்தான்.

அடுத்து வெதுவெதுப்பான நீரில் கழுவி, உலர்த்தி, எதிரெதிரே உயரமான ஜன்னல்கள் வைத்த கூடங்களில் மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். வெளிக்காற்றின் ஈரப்பதத்தைப் பார்த்து ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் பழைய ஆட்களின் வித்தை. இப்போது குளிர்சாதனமும் கணினியும் கூட நிற்கின்றன. அதை யாரும் மறைப்பதில்லை, விளம்பரத்தில் சொல்வதும் இல்லை.

சில மாதங்களில் தோல் மூடாத சதைப்பகுதி இறுகத் தொடங்கும். மேலே ஓடு கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழி இல்லை. அதனால் அரைத்த பன்றிக் கொழுப்பில் உப்பும் மிளகும், சிலர் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துப் பிசைந்து அங்கே கையால் பூசுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுகிற மாதிரியே இருக்கும். அந்தப் பூச்சுக்குப் பெயர் சூன்யா (நம்ம சூனியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஏழாவது மாதம் வாக்கில் தொடைகள் காற்றும் வெளிச்சமும் குறைந்த நிலவறைக்குப் போகும். மிச்சக் காலமெல்லாம் அங்கேதான். வீட்டு ஃபிரிட்ஜில் முயன்றால் உப்பு எலும்பை எட்டும் முன் நடுப்பகுதி அழுகிவிடும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

குதிரை எலும்பால குத்திப் பாப்பாங்களாமே? கதைதானே?

நிஜம். நானும் கதை என்றுதான் நினைத்திருந்தேன். குதிரையின் கால் எலும்பைச் சீவி, ஒரு சாண் நீளத்துக்குக் கூர்மையாகச் செய்த ஊசி. எலும்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் வாசனையைச் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விட்டும் விடும். இரும்பு ஊசிக்கு அந்தக் குணம் கிடையாது.

தொடையில் ஐந்து இடங்கள் உண்டு. எலும்பை ஒட்டியும் ரத்தநாளங்கள் போகும் வழியிலும், கெட்டுப்போனால் முதலில் கெடும் இடங்கள். ஒரு குத்து, மூக்கருகே ஒரு நொடி, அடுத்த குத்து. பரிசோதகர் பேசமாட்டார், முகமும் மாறாது. ஓட்டையை அதே கொழுப்புப் பூச்சால் விரலை வைத்துத் தேய்த்து அடைத்துவிடுவார். நான் பார்த்த அன்று ஒரு தொடையை இரண்டாவது தடவை முகர்ந்தார், மூன்றாவது தடவையும் முகர்ந்தார், தனியே எடுத்து வைத்துவிட்டார். என்னிடம் ஊசியை நீட்டினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பன்றி எல்லா ஊர்லயும் இருக்கு, உப்பும் இருக்கு. பார்மாவுக்கு மட்டும் என்ன தனி?

முதலில் ஒரு திருத்தம்: பார்மா நகரத்துக்குள் செய்தால் அது பார்மா ஹாம் ஆகாது! ரோமானியர் போட்ட வியா எமிலியா சாலை இந்த ஊர் வழியாகப் போகிறது. அதற்குத் தெற்கே குறைந்தது 5 கிலோமீட்டர் தள்ளி, 900 மீட்டர் உயரத்துக்கு மேற்படாமல், கிழக்கே என்சா ஆற்றுக்கும் மேற்கே ஸ்திரோனே ஓடைக்கும் நடுவில் இருக்கும் மலையடிவாரம்தான் எல்லை. அதற்குள் லாங்கிரானோ என்ற சின்ன ஊர் இந்தத் தொழிலின் நடுமையம். சாலைக்கு வடக்கே போ ஆற்றுச் சமவெளி. மூடுபனி, ஈரம். மலையடிவாரத்தில் காற்று காய்ந்து வரும். பழைய காலத்தில் உப்பும் பக்கத்திலேயே, சல்சோமஜ்ஜோரே உப்புநீர்க் கிணறுகளில் கிடைத்தது.

கடற்கரையிலிருந்து மலை தாண்டி வரும் காற்று பைன், ஆலிவ் வாசனையைச் சுமந்து வந்து தொடையில் ஏற்றுகிறது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. என் நாக்குக்கு ஆலிவ் தட்டுப்பட்டதில்லை. காய்ந்த காற்று என்பது வரை ஒப்புக்கொள்கிறேன்.

பன்றியும் பார்மா பன்றிதானா?

இருக்க வேண்டியதில்லை. இத்தாலியின் வடக்கு, நடு மாநிலங்களில் பிறந்து வளர்ந்ததாக இருந்தால் போதும். லார்ஜ் வொயிட், லாண்ட்ரேஸ், டியூரோக் வழி வந்த பன்றிகள். ஒன்பது மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எடை சுமார் 160 கிலோ. ஐரோப்பாவின் பல நாடுகளில் இதைவிடச் சின்னதாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். நாட்பட வளர்ந்த பன்றியில்தான் நீர் குறைவாகவும் கொழுப்பு கெட்டியாகவும் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் தொங்க அந்தக் கொழுப்புதான் காவல்.

தானியத்தோடு, பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் மோர்த்தண்ணீரும் தீவனமாகப் போகிறது. ஊரின் இரண்டு பெரிய பெயர்களும் இப்படி ஒரே தொட்டியில் சந்தித்துக்கொள்கின்றன.

கடையில பத்து வகை தொங்குது. அசல் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முழுத் தொடை என்றால் தோலைப் பாருங்கள். ஐந்து முனைக் கிரீடமும் உள்ளே PARMA என்ற எழுத்தும் சூடு போட்டிருக்கும். பழைய பார்மா சிற்றரசின் கிரீடம் அது. 14 மாதம் முடிந்து, மேலே சொன்ன ஊசிச் சோதனையும் தாண்டினால்தான் அந்தச் சூடு. உப்பிடத் தொடங்கிய மாதமும் வருடமும் பொறித்த உலோக வில்லை ஒன்றும் இருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் பச்சை குத்திய அடையாளம் தெரியும். பன்றிக்குட்டி பிறந்து 30 நாளுக்குள் இரண்டு பின்னந்தொடையிலும் பண்ணையின் குறியீட்டைக் குத்திவிடுகிறார்கள்.

வெட்டி அடைத்த பாக்கெட் என்றால் இடது மேல் மூலையில் கறுப்பு முக்கோணமும் அதில் கிரீடமும் இருக்க வேண்டும். வெறும் 'ப்ரோஷூட்டோ' என்று மட்டும் போட்டிருந்தால் அது பொதுப்பெயர், எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

ஸ்பெயின் ஹாமோனும் இதுவும் ஒண்ணா? சான் தனியேலேன்னு வேற ஒண்ணு இருக்கே?

மூன்றும் வேறு. சான் தனியேலே இத்தாலியின் வடகிழக்கு மூலையில் செய்வது. குளம்போடு, கிட்டார் மாதிரி தட்டையாகத் தொங்கும். பார்மாவுக்குக் குளம்பு இருக்காது, உருண்டையாக இருக்கும். ஸ்பெயின் ஹாமோனில் பேர்போன இபேரிக்கோ, கறுத்த, வேறு இனப் பன்றியில் செய்வது. எது நல்லது என்று கேட்டால் நான் கடைக்காரன், பதில் உங்களுக்கே தெரியும்.

டி.ஓ.பி., ஐ.ஜி.பி. ரெண்டும் நம்ம புவிசார் குறியீடு மாதிரிதானே? எதுக்கு ரெண்டு?

ஆமாம், இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம் தரும் முத்திரைகள். டி.ஓ.பி. கறாரானது. மூலப்பொருள் முதல் கடைசி வேலை வரை விதி சொல்லும் இடத்திலேயே நடக்க வேண்டும். ஐ.ஜி.பி.க்கு ஏதாவது ஒரு முக்கியக் கட்டம் அங்கே நடந்தால் போதும். பார்மா ஹாம் 1996-லிருந்து டி.ஓ.பி. அதற்கு முன்பே, 1963-ல் 23 உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். 1970-ல் இத்தாலியச் சட்டமும் வந்துவிட்டது.

ஐ.ஜி.பி.க்கு என் பிரியமான உதாரணம் வால்தெல்லினா பிரெசாவோலா. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் செய்யும் உப்பிட்ட மாட்டிறைச்சி. அதற்குப் பிரேசிலிலிருந்து வரும் திமில்மாட்டுக் கறி நிறையப் போகிறது. பிரேசிலின் பெரிய திமில்மாட்டு இனத்துக்குப் பெயர் நெலோரே, அதாவது நம் அண்டை மாநிலத்து நெல்லூர். ஓங்கோல் மாடுகளின் வம்சம். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டால் நான் பிரெசாவோலாவைத்தான் காட்டுவேன். ஆனால் வெட்டும் இயந்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஹலால் சான்றும் தனியாகப் பார்க்க வேண்டும். அதையும் சொல்லிவிடுவேன்.

லண்டன்ல வெட்டி பாக்கெட் போட்டா மட்டும் எப்படி பார்மா ஹாம் இல்லாம போகும்? அதே தொடைதானே!

இதே வாதத்தைத்தான் பிரிட்டனின் ஆஸ்டா பல்பொருள் அங்காடி ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அசல் பார்மா ஹாமை இத்தாலியிலிருந்து வரவழைத்து, பிரிட்டனில் ஒரு நிறுவனம் வெட்டி அடைத்துக் கொடுக்க, ஆஸ்டா விற்றது. வெட்டுவதும் அடைப்பதும்கூட எங்கள் எல்லைக்குள்தான் நடக்க வேண்டும் என்று சங்கம் 1997-ல் வழக்குப் போட்டது.

2003 மே 20-ல் தீர்ப்பு. வெட்டிவிட்டால் தோல் போய்விடும், தோலோடு கிரீடமும் போய்விடும், பிறகு எது அசல் என்று சோதிப்பது கடினம், ஆகவே அந்த நிபந்தனை செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் நிபந்தனையை எல்லாருக்கும் தெரியும்படி முறையாக வெளியிடவில்லை, அதனால் ஆஸ்டாவைத் தடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. விதியில் சங்கம் ஜெயித்தது, வழக்கில் ஆஸ்டா தப்பித்தது. உங்கள் எதிரிலேயே கடைக்காரர் வெட்டித் தருவது வேறு விஷயம், அதற்குத் தடை கிடையாது.

டொரன்டோவுல என் மச்சான் பாத்த பாக்கெட்ல பார்மாங்கிற பேரே இல்லையாம். ஏமாத்தா?

பழைய பாக்கெட்டாக இருந்திருக்கும். கனடாவில் 'பார்மா' என்ற வணிகப்பெயரை 1971-லேயே உள்ளூர் நிறுவனம் ஒன்று பதிவு செய்துவிட்டது. அதனால் பார்மாக்காரர்கள் தங்கள் சரக்கைத் தங்கள் ஊர்ப் பெயரில் அங்கே விற்க முடியாமல், 'அசல் ப்ரோஷூட்டோ' என்ற பொருளில் ஒரு பெயர் போட்டு விற்றார்கள். ஐரோப்பாவும் கனடாவும் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2017-ல் நடப்புக்கு வந்தபிறகு இரண்டு பெயரும் கூடவே இருக்கலாம் என்று ஆனது.

இதுக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இருக்காமே?

உண்டு. இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில் இருக்கிறது. 1999-ல் இயற்றி 2003-ல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி வெளிநாட்டுப் பொருளையும் அங்கே பதியலாம். மதுரை மல்லியும் பழனிப் பஞ்சாமிர்தமும் இருக்கிற அதே பதிவேட்டில் ப்ரோஷூட்டோ டி பார்மாவும் இருக்கிறது. மறுபக்கமும் நடந்திருக்கிறது: டார்ஜிலிங் தேயிலைக்கு ஐரோப்பாவின் ஐ.ஜி.பி. 2011-ல் கிடைத்தது.

நைட்ரைட் போடலைங்கறீங்க, பிறகு எப்படி இவ்ளோ சிவப்பா இருக்கு?

நல்ல கேள்வி. பல ஹாம்களில் சிவப்பு நிறத்தையும் பாதுகாப்பையும் தருவது நைட்ரைட். இங்கே விதிப்படி அது கூடாது. மாதங்கள் போகப்போக இறைச்சியின் நிறமியில் இரும்பு இருந்த இடத்துக்குத் துத்தநாகம் வருகிறது. சிவப்பு அதிலிருந்து வருவது. நைட்ரைட் போட்டால் இந்த மாற்றமே நடக்காது என்பது வேடிக்கை.

பாதுகாப்புக்குக் குளிரும் உப்பும் முறை வைத்து வேலை செய்கின்றன. உப்பு உள்ளே இறங்கும்வரை குளிர் காக்கிறது. இறங்கி, நீரும் குறைந்த பிறகு குளிரை எடுத்தாலும் கிருமி பெருக வழியில்லை. வீட்டில் செய்யாதீர்கள் என்று முன்பு சொன்னதும் இதனால்தான்.

உள்ளே வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கே, பூஞ்சையா?

இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமானது. புரதம் உடைந்ததன் அடையாளம், நாள்பட்ட தொடையில் அதிகம் தெரியும். தாராளமாகச் சாப்பிடலாம்.

எப்படிச் சாப்பிடணும்? கொழுப்பை எடுத்துப் போட்டுடலாமா?

எடுக்காதீர்கள். அந்த வெள்ளை ஓரத்தில்தான் இனிப்பு இருக்கிறது, அதை எடுத்தால் உப்பு மட்டும் மிஞ்சும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் தாராள மனசோடு தடித்தடியாக வெட்டிக் கொடுத்தேன். ஒரு பாட்டி தாளைத் திருப்பித் தள்ளி, "இது செருப்புக்கா?" என்றார். துண்டைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிய வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரமாவது வெளியே வைத்தால் கொழுப்பு பளபளக்கத் தொடங்கும், அப்போது சாப்பிடலாம். பாக்கெட்டைப் பிரித்தால் ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.

கோடையில் முலாம்பழத்தோடு சாப்பிடுவார்கள். பார்மாக்காரர்களுக்கு உயிர் 'தோர்த்தா ஃப்ரித்தா'. உப்பி வரும் சதுர மாவுத்துண்டு, நம்மவர்கள் பார்த்ததும் பூரி என்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பூரி என்று நம்பி அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பழைய முறையில் அதைப் பொரிப்பதே பன்றிக் கொழுப்பில்.

நைட்ரைட் இல்லைன்னா கேன்சர் பயம் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. உப்பிட்டுப் பதப்படுத்தியதும் அந்த வரையறைக்குள் வருகிறது. நைட்ரைட் இல்லை என்பதைச் சிலர் விதிவிலக்கு மாதிரி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் கவனிக்க வேண்டும், 100 கிராமில் 4 முதல் 5 கிராம் வரை உப்பு இருக்கும். ஒருநாள் முழுதுக்குமான அளவு ஏறத்தாழ அவ்வளவுதான்.

பொண்ணு மாசமா இருக்கா, ரெண்டு துண்டு கொடுக்கலாமா அண்ணா?

அப்படியே கொடுக்காதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி, லிஸ்டீரியா கிருமி பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. பீட்சா மேல் போட்டு நன்றாகச் சூடாக்கியது என்றால் கவலை குறைவு. எதற்கும் அவளுடைய டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிரீடம் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். சில வருடங்களுக்கு முன் பெரிய சங்கடம் ஒன்று நடந்தது. டியூரோக்கிலேயே விதி அனுமதிக்காத டேனிஷ் வழிப் பன்றிகளைச் சில பண்ணைகள் வளர்த்தது விசாரணையில் தெரியவந்தது. சீக்கிரம் எடை போடும் இனம், பண்ணைக்கு லாபம். கொழுப்பு குறைவு, நீர் அதிகம், நீண்ட காலம் தொங்கத் தாங்காது. பிறந்த மாதத்தில் குத்திய பச்சை எந்தப் பண்ணை என்று சொல்லும், அப்பன் எந்த இனம் என்று சொல்லாதே! ஏராளமான தொடைகளிலிருந்து முத்திரையை நீக்கினார்கள். 2020 முதல் சான்றளிக்கும் பொறுப்பும் வேறு அமைப்புக்குப் போனது.

அதற்கப்புறம் விதிகள் இறுகியிருக்கின்றன. எடை வரம்பும் 14 மாதமும் அந்தத் திருத்தத்தில் வந்தவைதான். கடையில் என்னிடம் கேட்டால், முத்திரையைப் பார்த்துவிட்டு வில்லையில் இருக்கும் தேதியையும் பாருங்கள், ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள் என்பேன். ஈரமாக, வெறும் உப்பாக இருந்தால் சொல்லுங்கள், அடுத்த தொடையை இறக்குகிறேன்.

ஊருக்கு வரும்போது ஒரு பாக்கெட் மட்டும் எடுத்துட்டு வாயேன்டா?

மாட்டேன் மாமா. வெளிநாட்டு இறைச்சியை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கால்நடைப் பொருளுக்கான இறக்குமதி அனுமதி வேண்டும், பெட்டியில் ஒளித்து எடுத்துவரும் விஷயமல்ல. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. மனிதருக்கு வராது, பன்றிக் கூட்டத்தையே துடைத்துவிடும், உப்பிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்தப் பயத்தில் அமெரிக்கா 1967 முதல் 1989 வரை பார்மா ஹாமையே உள்ளே விடவில்லை. 2022 ஜனவரியில் வட இத்தாலியின் காட்டுப்பன்றிகளில் அந்த நோய் தென்பட்டதும் ஜப்பான் கதவைச் சாத்தியது. இந்தியாவுக்கும் 2020-ல் அசாம் வழியே வந்துவிட்டது.

நீங்கள் இங்கே வாருங்கள். தோர்த்தா ஃப்ரித்தா சூடாக வாங்கி வைக்கிறேன், அத்தைக்கு மட்டும் எண்ணெயில் பொரிக்கும் கடை எது என்று விசாரித்து வைக்கிறேன்.